சுடாத குதிரை

தார்ரோடு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத காலம். சந்தைக்கு மாடும் நடந்துதான் போகும், மாட்டை விற்கிறவனும் நடந்துதான் போவான். அந்தக் காலத்தில் பாலையேந்தல் என்று ஓர் ஊர். அந்த ஊரில் சேவுகன் என்று ஒரு மாட்டுத் தரகன். எங்கள் பாட்டனுக்குப் பாட்டன் இருந்தாரே, அவர் கூடப்பிறந்த அண்ணன். கோபக்காரன். கதையைக் கேட்டால் எங்கள் வகையறாவுக்குக் கோபம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்துபோகும்.

ஊருக்கு மேற்கே ஊருணி. ஊருணிக் கரையில் அய்யனார். அய்யனாரைச் சுற்றிக் காடு. வீரை, உலக்கைப்பாலை, உசிலை, காரை என்று உச்சி வெயிலும் தரையைத் தொடாத காடாம். யாரும் நட்ட காடு இல்லை. ஊர் பிறக்கும் முன்பே பிறந்த காடு. அதில் சுள்ளி பொறுக்கக் கூடாது. பல்குச்சி ஒடிக்கக் கூடாது. உள்ளே போன ஆடு வாயில் இலையோடு வெளியே வந்தால், அந்த இலையைப் பிடுங்கி உள்ளே போட்டுவிட்டுத்தான் ஆட்டைப் பத்துவார்களாம். அப்படிக் காத்த காடு.

அப்படிக் காத்த காட்டை அந்த ஊரேதான் அழித்தது. எப்படி என்று கேளுங்கள்.

பிள்ளை பிழைத்தால், மாடு பிழைத்தால், வெள்ளாமை வீடு வந்து சேர்ந்தால் அய்யனாருக்கு மண்குதிரை. வேண்டிக்கொண்டவன் ஒரு பிடி மண் அள்ளி வேளார் கையில் கொடுப்பான். அதுதான் பிடிமண். வேளார் கண்மாய்க் களிமண்ணில் குதிரை செய்து, சூளையில் சுட்டு, வெள்ளையடித்து நிறுத்துவார். ஊரே தோளில் தூக்கிக்கொண்டு கொட்டும் குலவையுமாய்ப் போய்க் காட்டில் வைக்கும். எல்லாம் சரி. சூளைக்கு விறகு? அங்கேதான் இருக்கிறது வினை. சாமி குதிரைக்குச் சாமி காட்டு விறகுதான். வெளி விறகு தீட்டு. சுள்ளி பொறுக்கினாலே கையை முறிக்கிற ஊர், குதிரைக்கு என்றால் கோடரியோடு உள்ளே போகும்.

முதலில் குதிரை முழங்கால் உயரமாம். மேலத்தெருக்காரன் இடுப்பு உயரத்துக்குச் செய்தான். கீழத்தெருக்காரன் சும்மா இருப்பானா? நெஞ்சு உயரத்துக்குச் செய்தான். நெஞ்சு உயரக் குதிரையின் வயிறு வேக வேண்டுமென்றால் சுள்ளி போதுமா? வைரம் பாய்ந்த கட்டை வேண்டும். இவன் குதிரை அவன் குதிரையை முட்ட, அவன் குதிரை இவன் குதிரையை முட்ட, நடுவில் காடு செத்தது. ஒருத்தனும் திருடவில்லை. ஒருத்தனும் விற்கவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டேதான் வெட்டினார்கள்.

கடைசியில் காடு இருந்த இடத்தில் குதிரைதான் நின்றதாம். வரிசை வரிசையாய், வெயிலில் வெடித்துப்போய், மூக்கு உதிர்ந்து, காது உதிர்ந்து. ஊருணிக் கரையை ஒட்டி மட்டும் கொஞ்சம் மரம் மிச்சம். ஊருணியும் மாசியிலேயே சேறாகிவிடும். பெண்டுகள் சேலை முந்தியில் வடிகட்டித்தான் குடத்தில் ஊற்றுவார்களாம்.

இப்போது சேவுகனுக்கு வருவோம்.

அப்பனையும் ஆத்தாளையும் சின்ன வயதிலேயே பறிகொடுத்தவன். சந்தையில் சாணி அள்ளினான். அடி வாங்கினான். அப்புறம் அடித்தான். மாட்டின் நடையைப் பார்த்தே வயிற்றுக்குள் என்ன கோளாறு என்று சொல்கிற அளவுக்கு வந்தான். அவன் தோள் துண்டை விரித்தான் என்றால் சந்தையே திரும்பிப் பார்க்குமாம். மாட்டுப் பேரம் தெரியும்தானே? வாய் பேசாது. துண்டுக்கு அடியில் இவன் விரலை அவன் பிடிப்பான், அவன் விரலை இவன் பிடிப்பான். விரலை இறுக்கிப் பிடித்துவிட்டால் பேரம் முடிந்தது. அப்புறம் வானம் இடிந்தாலும் மாற்றக் கூடாது. சேவுகன் மாற்றியதே இல்லை. நட்டப்பட்டிருக்கிறான், மாற்றியதில்லை.

அவன் பெண்சாதி ராக்கு. பெற்றதெல்லாம் தங்கவில்லை. கடைசியாய் ஒரு பெண். அதுவாவது தங்கட்டும் என்று பிறந்த அன்றே மூக்குக் குத்தி மூக்காயி என்று பேர் வைத்தார்கள். சந்தையில் புலி மாதிரி உறுமுகிறவன், அந்தப் பிள்ளைக்கு முன்னால் நாலு காலில் தவழ்ந்து மாடாய் நிற்பானாம். அது இவன் பல்லைப் பிடித்துப் பார்த்து, “கெழட்டு மாடு, வேணாம்” என்று தள்ளுமாம்.

ஒரு கோடையில் மூக்காயி படுத்துவிட்டாள். வயிற்றுப்போக்கு. கண் உள்ளே போய்விட்டது.

ராக்கு கத்தினாளாம். “இந்தச் சேத்துத் தண்ணியக் குடிச்சுத்தான்யா எம்புள்ளைக்கு இது வந்துச்சு! காடு இருந்தப்ப இந்தத் தண்ணியில மொகம் தெரிஞ்சுச்சு. இப்ப புழுதான் தெரியுது!”

சேவுகன் அய்யனார் முன்னால் போய் நின்று கத்தினானாம். “எம்புள்ளயக் குடுத்துரு! என் ஒசரத்துக்குக் குதிர வெக்கிறேன். இந்த ஊர்ல எவனும் வெக்காத குதிர வெக்கிறேன்!”

பிள்ளை பிழைத்தது. வருசம் திரும்பியது. பிடிமண் கொடுக்கிற நாளும் வந்தது.

ஊர்ப் பெரியவர் ஆண்டியப்ப அம்பலம். அவர்தான் வெட்டுகிற மரத்தைக் காட்ட வேண்டும். சேவுகனையும் சாத்தையா வேளாரையும் கூட்டிக்கொண்டு போனார். ஊருணிக் கரையில் நின்று கையை வீசிக் காட்டினார்.

“இந்த வீரையெல்லாம் வெட்டிக்க. ஒன் ஒசரத்துக் குதிரைக்கு இது பத்தாது. அந்தப் பாலையையும் சேத்துக்க.”

சேவுகன் பார்த்தான். அவர் காட்டியதற்கு அப்பால் மரமே இல்லை.

“இத வெட்டிட்டா கரையில என்ன இருக்கும் அம்பலம்?”

“குதிர இருக்கும்.”

“குதிர நெழல் குடுக்குமா?”

“புண்ணியம் குடுக்கும்.”

“புண்ணியத்தக் கொடத்துல மோந்து குடிக்க முடியுமா?”

அம்பலத்துக்கு முகம் சிவந்துவிட்டது. “ஏண்டா, மாட்டுப் பல்ல எண்ணுற பய எனக்குப் புத்தி சொல்றியா? வேண்டிக்கையில என் ஒசரம்னு நீட்டி மொழக்குன. குடுக்கையில குட்டையாப் போனியா?”

“குட்டையாப் போகல. வெளிய இருந்து வண்டி வண்டியா வெறகு கொண்டாறேன். சுட்டுக்கங்க.”

“வெளி வெறகுல சுட்டா அது செங்கலு. குதிர இல்ல. குடுக்க முடியாட்டி முடியலன்னு சொல்லு. சாமி ஒன்கிட்ட எப்படி வாங்குறதுன்னு பாத்துக்கிரும்.”

அந்தக் கடைசிச் சொல்தான் சேவுகனைக் குத்தியது. சாமி எப்படி வாங்கும்? பிள்ளையைத்தான் வாங்கும். ஊர் அப்படித்தான் நம்பியது. அவனும் அப்படித்தான் நம்பினான். மரத்தை வெட்டினால் தண்ணீர் போகும், தண்ணீர் போனால் பிள்ளை போகும். மரத்தை வெட்டாவிட்டால் வாக்குப் போகும், வாக்குப் போனாலும் பிள்ளை போகும். அவன் வாழ்நாளில் அப்படி ஒரு மாட்டிக்கொண்ட பேரத்தைப் பார்த்ததில்லையாம்.

அம்பலம் போய்விட்டார். வேளார் மட்டும் நின்றார். சேவுகன் நேரே அய்யனாரிடம் போனான்.

அய்யனாரைப் பார்த்திருப்பீர்கள். வலது கையில் செண்டாயுதம் பிடித்திருப்பார். இடது கையை முழங்கால் மேல் நீட்டித் தொங்கவிட்டிருப்பார். கல் கை. சேவுகன் தோள் துண்டை எடுத்தான். உதறினான். அந்தக் கல் கை மேலே போட்டான்.

வேளாருக்கு உயிரே போய்விட்டது. “அப்பு! அப்பு! என்ன காரியம் பண்ற? சாமிகிட்டப் போயி...”

“சும்மா இருங்க வேளாரே. தரகன் பேரம் பேசாம வேற என்ன பேசுவான்?” என்று அவரை அடக்கிவிட்டு அய்யனாரைப் பார்த்தானாம். “இந்தா கேட்டுக்க. ஒனக்குக் குதிர வேணும். எனக்குப் புள்ள வேணும். என் ஒசரம்னு சொன்னேன், ஒரு வெரக்கட கொறைய மாட்டேன். ஆனா சுட மாட்டேன். பச்ச மண்ணுல தர்றேன். வயித்துக்குள்ள வெத வெச்சுத் தர்றேன். இந்த ஊரு ஒங்கிட்ட வெறகா எடுத்ததையெல்லாம் வெதையாத் திருப்பித் தர்றேன். நீ எம்புள்ளயக் கண்ணுல வெச்சுக் காக்கணும். சரின்னா வெரலப் புடி.”

சொல்லிவிட்டுத் துண்டுக்குள் கையை விட்டான். நின்றான், நின்றான், நின்றுகொண்டே இருந்தான். நெற்றியில் வேர்வை வடிந்தது. பிறகு கையை எடுத்தான்.

“என்னாப்பு சொன்னாரு?”

“புடிச்சாரு.”

“கல்லு எப்படிப்பு புடிக்கும்?”

“சந்தையில என் வெரலப் புடிச்சவங்கள்ல பாதிப்பேரு கல்லுதான் வேளாரே. மண்ணக் கொழைங்க.”

பிடித்ததோ, இவன் கைதான் நடுங்கியதோ, துண்டுக்குள்ளே நடந்ததை யார் கண்டது?

ஆள் உயரப் பச்சைக் குதிரையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, உடைந்துவிடும். அதனால் காட்டிலேயே, வெட்டிய மொட்டைத் திடலில் வைத்தே செய்தார்களாம். கால் நிறுத்தி, காயவிட்டு, வயிறு கட்டி, காயவிட்டு. வேளார் பயந்துகொண்டேதான் செய்தார். “சுடாத குதிர பொணத்துக்குச் சமானம்னு எங்க ஆளுக சொல்லுவாக அப்பு” என்பார். கை மட்டும் நிற்காது. ராக்குவும் மூக்காயியும் மிச்ச மரத்தடியில் விதை பொறுக்கினார்கள். பாலைப் பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையைச் சேர்த்தார்கள். வீரை, உசிலை, காரை எல்லாம் சேர்த்தார்கள். மூக்காயி பிடி பிடியாய் அள்ளி, சாணியும் மண்ணுமாய்க் குதிரை வயிற்றுக்குள் திணித்தாள்.

“என்னத்தா பண்ற?” என்றான் சேவுகன்.

“குதிரைக்குத் தீனி குடுக்குறேன் அய்யா. பசிச்சா எப்படி ஓடும்?”

குதிரை நின்றது. கொட்டு இல்லை, குலவை இல்லை. ஊர் எட்டிப் பார்க்கவில்லை. சேவுகனும் ராக்குவும் பிள்ளையும் வேளாரும்தான் தேங்காய் உடைத்தார்களாம்.

ஐப்பசி மழை பிடித்தது. முதல் மழையில் குதிரைக்குக் காது விழுந்தது. அடுத்த மழையில் கழுத்து சாய்ந்தது. அப்புறம் முதுகு இறங்கியது. அடைமழை ஓய்ந்தபோது குதிரை இல்லை. ஒரு மண்மேடுதான் கிடந்தது.

“சாமி துப்பிருச்சு” என்றது ஊர்.

சொல்லி வாய் மூடவில்லை, மூக்காயிக்குக் காய்ச்சல் கண்டது. மாட்டு வாகடக்காரன் வந்தான், மனுச வைத்தியன் வந்தான், மந்திரிக்கிறவனும் வந்தான். காய்ச்சல் இறங்கவில்லை. அம்பலம் ஆட்களோடும் கோடரியோடும் வாசலில் வந்து நின்றார். அவரும் கெட்ட மனிதர் இல்லை. பிள்ளைக்காகத்தான் வந்தார்.

“சேவுகா, இப்பவாச்சும் கேளுடா. நாங்களே வெட்டித் தர்றோம். நாங்களே சூள அடுக்கித் தர்றோம். குதிரயச் சுடு.”

ராக்கு வந்து சேவுகன் காலில் விழுந்தாளாம். காட்டுக்காகக் கத்திய அதே ராக்கு. “வெட்டுய்யா! காடு போனாப் போகுது. தண்ணி போனாப் போகுது. நான் எந்த ஊருக்கு வேணாலும் நடந்து போயித் தண்ணி எடுக்குறேன். எம்புள்ள இருந்தாப் போதும். வெட்டுய்யா!”

பெற்றவள் காலில் விழுந்து கேட்டால் எவன் நிற்பான்? அம்பலம் கையிலிருந்த கோடரியைப் பிடுங்கிக்கொண்டு போனான். ஒருத்தரும் பின்னால் வரக் கூடாது என்றான். வெட்டிவிடுவது என்றுதான் போனான். அதில் சந்தேகம் வேண்டாம்.

ஊருணிக்குப் போகிற வழியில்தான் அந்த மண்மேடு. மேட்டில் கால் வைக்கப் போனவன் நின்றான். குதிரை வயிறு இருந்த இடம் முழுக்க விரல் உயரத்துக்கு முளை. கழுத்துச் சரிந்த பக்கமெல்லாம் முளை. கால் இருந்த நாலு மூலையிலும் கொத்துக் கொத்தாய் முளை. படுத்திருக்கிற குதிரை மாதிரியே பச்சையாய் முளைத்துக் கிடந்ததாம். அவன் மகள் கையால் திணித்த தீனி.

அதைத் தாண்டிக் கரைக்குப் போனான். பெரிய வீரையின் அடியில் நின்றான். கோடரியை ஓங்கினான். ஊருணியில் மழைத் தண்ணீர் தெளிந்து கிடந்தது. மர நிழல் விழுந்த இடத்தில் அவன் முகம் தெரிந்தது. ஓங்கின கோடரியோடு தெரிந்தது.

“வெரலப் புடிச்ச பேரம்” என்று வாய்விட்டுச் சொன்னானாம். “மாத்துனா நான் யாரு?”

கோடரியைத் தோளில் போட்டுக்கொண்டு, கரையில் கிடந்த ஒரு சட்டியில் தண்ணீர் மொண்டுகொண்டு வீட்டுக்கு வந்தான். விறகு வரும் என்று பார்த்துக்கொண்டிருந்த ஊர், தண்ணீரைப் பார்த்தது. அம்பலம் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். சேவுகன் மகளைத் தூக்கி மடியில் வைத்துத் தண்ணீரைக் கொடுத்தான்.

“ஒன் குதிர மொளச்சிருக்கு ஆத்தா.”

“தீனி தின்னுச்சா அய்யா?” என்று கேட்டதாம் பிள்ளை.

அதுதான் கடைசிப் பேச்சு. மறுநாள் பொழுது சாயும் முன்பே மூக்காயி போய்விட்டாள்.

குதிரையைச் சுட்டிருந்தால் பிழைத்திருப்பாளா? இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காதீர்கள். சுட்ட குதிரை வைத்தவன் வீட்டிலும் பிள்ளை செத்திருக்கிறது. ஆனால் அந்தப் பதில் சேவுகனுக்கு ஆகுமா? ஊர் “கொன்னுட்டான்” என்றது. ராக்கு அதைக்கூடச் சொல்லவில்லை. குழி மூடிவிட்டு வந்தவனைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னாளாம்.

“ஒத்தக் கையால பேரத்த முடிச்சிட்டு வந்துட்டியேய்யா.”

அத்தனை வருசம் சந்தையில் நின்றவனுக்கு அன்றுதான் உறைத்தது. துண்டுக்குள்ளே இருந்தது ஒரு கைதான். அவன் கைதான். ஆசையில் தன் விரலைத் தானே பிடித்துக்கொண்டான்.

உறைத்தால் கோபம் ஆறுமா? ஏறும். கோடரியை எடுத்துக்கொண்டு ஓடினான். அய்யனார் முன்னால் நின்று, “நீ புடிச்சியா இல்லியா? புடிச்சியா இல்லியா?” என்று கத்திக்கொண்டே கோடரியின் பின்பக்கத்தால் அந்த நீட்டிய கையில் ஓர் அடி அடித்தான். சுண்டுவிரல் தெறித்து விழுந்தது. இன்னோர் அடிக்கு ஓங்கினவன், விழுந்த விரலைப் பார்த்தான். பிள்ளை விரல் அளவுதான் இருந்ததாம் அது. கோடரியைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்தான்.

உட்கார்ந்தவன் எழுந்து வீட்டுக்குப் போகவில்லை. சந்தைக்கும் போகவில்லை. மொட்டைத் திடலில் குடிசை போட்டான். மேட்டைச் சுற்றி முள் அடைத்தான். பக்தியா என்றால் இல்லை. அய்யனாருக்கு ஒரு விளக்குக் கூட ஏற்ற மாட்டானாம். வாங்கின பொருளைக் காக்கிறவன் மாதிரி அந்த முளையைக் காத்தான். கோடை வந்தபோது ராக்கு தலையில் குடத்தோடு வந்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவனுக்குக் கஞ்சி கொண்டுவரவில்லை. கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனாள். மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். அவன் கிணறு கிணறாய் அலைந்து சுமந்தான். அவளும் சுமந்தாள். ஒரு வார்த்தை பேச்சு இல்லை.

இப்படி இருக்கையில் அம்பலத்தின் மருமகளுக்குப் பிரசவம் சிக்கலாகி, தாயும் பிள்ளையும் தப்பினார்கள். அம்பலம் நெஞ்சு உயரக் குதிரை வேண்டியிருந்தார். ஆட்கள், கோடரி, எல்லாம் வந்தது. சேவுகன் குடிசையை விட்டு வெளியே வந்தான். எல்லாரும் அடிதடி என்றுதான் நினைத்தார்களாம். அவன் தோள் துண்டை எடுத்து, தன் கை மேல் போட்டு, அந்தக் கையை நீட்டினான்.

“வெட்டிக்கங்க அம்பலம். யாரு வேணாங்குறது? ஆனா இந்தக் காட்டுக்கு நான் ஒரு வெல குடுத்திருக்கேன். அதே வெலைய வெச்சுட்டு வெட்டிக்கங்க. துண்டுக்குள்ள கைய விடுங்க.”

அம்பலம் கையைத் தூக்கினார். துண்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பேரன் அழுகிற சத்தம் காதில் கேட்டதோ என்னவோ. கை அங்கேயே நின்றது. கீழே இறங்கியது.

“பைத்தியக்காரப் பய” என்றார். திரும்பிப் போனார். வந்தவர்களும் போனார்கள்.

ஆனி மாதம் அம்பலம் தனியாய் வந்தாராம். இடுப்பில் ஒரு குதிரை. முழங்கால் உயரம்தான். பச்சை மண். குலுக்கினால் உள்ளே விதை உருளுகிற சத்தம். திடலில் ஓர் ஓரமாய் வைத்தார்.

“என்ன வேண்டிக்கிட்டீக?” என்று கேட்டான் சேவுகன்.

“ஒண்ணும் வேண்டிக்கலடா” என்றாராம் அம்பலம். “கேக்கப் பயமா இருக்கு. குடுத்துட்டுப் போறேன்.”

அவருக்குப் பின்னால் மேலத்தெரு வந்தது. கீழத்தெரு வந்தது. யார் குதிரை பெரிது என்ற பேச்சே இல்லை. பெரிதோ சிறிதோ, மழை எல்லாவற்றையும் ஒரே மேடாய்த்தான் ஆக்கும். வருசா வருசம் குதிரை கரைந்தது. வருசா வருசம் காடு ஏறியது. கோடையில் பெண்டுகள் ஆளுக்கொரு குடம் கன்றுக்கு ஊற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு எடுத்தார்கள். ராக்கு முன்னால் நடப்பாளாம். சேவுகனும் அவளும் பேசாமலேயே செத்தார்கள் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அவன் செத்த அன்று, அவன் துண்டைக் கொண்டுபோய் அய்யனாரின் அந்தக் கை மேல் போட்டவள் ராக்குதானாம்.

இன்றைக்கும் பாலையேந்தலில் குதிரையைச் சுடுவதில்லை. பச்சை மண்ணில் செய்து, வயிற்றில் விதை வைத்து, கொட்டு இல்லாமல் கொண்டுபோய் வைத்துவிட்டு வர வேண்டும். வேறு எந்தக் கோயிலிலும் என்ன வேண்டுமானாலும் வேண்டிக்கொள்ளுங்கள். அங்கே மட்டும் எதையும் கேட்கக் கூடாது. ஊருணிக்குப் போகிற வழியில், நாலு மூலையில் நாலு வீரை நிற்கும். மேலே கிளை ஒன்றாய்க் கூடியிருக்கும். அதற்குப் பேர் மூக்காயி குதிரை. அய்யனாருக்கு இடது கையில் சுண்டுவிரல் இருக்காது. புதிதாய்ச் செய்து ஒட்டுகிறேன் என்று எத்தனையோ பேர் வந்தார்கள். ஊர் விடவில்லை.

அந்தக் கை மேல் ஒரு துண்டு கிடக்கும். நைந்துபோனால் எங்கள் வகையறாவில் மூத்தவன் போய்ப் புதுத் துண்டு போடுவான். யாரும் உள்ளே கையை விடுவதில்லை. “புடிச்சியா இல்லியா?” என்று சேவுகன் கேட்ட கேள்விக்கு அய்யனார் இன்னும் பதில் சொல்லவில்லை. சொல்கிற வரைக்கும் துண்டு அங்கேதான் கிடக்கும்.